சம்பந்தி வீட்டுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ்

போன வாரம் படித்துவிட்டு அசோக்குமாரைத் திட்டித் தீர்த்திருக்கிறீர்கள். "தம்பியோட மாமியாருக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பறாரே, அவரெல்லாம் ஒரு மனுஷனா?" என்று தர்மபுரியிலிருந்து ஒரு வாசகி போனிலேயே பிடித்துக்கொண்டார். எனக்கும் அவர் மேல் கோபம்தான். ஆனால் அந்த மனிதர் படுகிற பாட்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டும் இல்லையா?

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓசூரை அடுத்த ஜூஜுவாடிக்கு இந்தப் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டிய குடியிருப்பு அது. கே, எல், எம், என் என்று நாலு பிளாக். அசோக்குமார் அங்கே சங்கச் செயலாளர். பகலில் ஃபேக்டரியில் தரப் பரிசோதனை வேலை. கே பிளாக்கில் அவர், மனைவி பூங்கொடி, தம்பி ஆனந்த், தம்பி மனைவி மாதேஸ்வரி என்று எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். மாதேஸ்வரி இந்த மண்ணுக்காரி. அவளுடைய அம்மா ரங்கம்மா எம் பிளாக் ஏழாம் நம்பரில் தனியாக இருக்கிறார். ஆனந்தும் மாதேஸ்வரியும் படிக்கட்டில் பார்த்து, லிஃப்டில் பேசி, கல்யாணத்தில் முடிந்த கதை உங்களுக்குத் தெரியும்.

மாதேஸ்வரியைக் கட்டிக் கொடுத்த மாதத்திலிருந்து எம்-7 வீட்டின் பராமரிப்புத் தொகை வருவது நின்றுவிட்டது. வேறு சில வீடுகளும் பாக்கிதான். லிஃப்டைப் பழுது பார்க்கக் காசில்லை, அது நடுவில் நின்று தொங்குகிறது. பொதுக்குழுவில் எல் பிளாக்காரர் ஒருவர், "பாக்கி வெச்சவன் வீட்டுக்குத் தண்ணியை நிறுத்துங்க சார்!" என்று கத்தினார். அசோக்குமார்தான் எழுந்து தடுத்தார். "தண்ணியை நிறுத்தறது சட்டத்துக்கும் ஆகாது, மனசுக்கும் ஆகாது. எல்லாருக்கும் ஒரே மாதிரி நோட்டீஸ் அனுப்புவோம். அப்பவும் வரலைன்னா கோர்ட். பூட்டிக் கிடக்கிற என்-7 வீட்டுக்காரர், ஊர்லயே இல்லாதவர், மாசம் தவறாம அனுப்பறார். இங்கேயே குடியிருக்கிறவங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "எம்-7க்கும் நோட்டீஸ் உண்டா செயலாளரே? இல்ல, சம்பந்தி சலுகையா?"

நோட்டீஸ் போனது. கெடுவும் முடிந்துவிட்டது. இன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஓசூரில் வக்கீல் சென்னப்பன் ஆபீசுக்குப் போய்ப் பிராதுகளில் அசோக்குமார் கையெழுத்துப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதே எம்-7 வீட்டில் மாதேஸ்வரிக்கு வளைகாப்பு!

வாருங்கள், உள்ளே போவோம்.

* * *

காலையில் அசோக்குமார் தட்டில் வைத்த இட்லியைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிடுங்க. இட்லி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் பூங்கொடி.

"இறங்க மாட்டேங்குது பூங்கொடி."

பூங்கொடி உள்ளறைக் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். மாதேஸ்வரி இன்னும் எழுந்திருக்கவில்லை. "ஞாயித்துக்கெழமை போகட்டுமே. அதுக்குப் பொறவு கையெழுத்துப் போட்டா ஆகாதா?"

"மத்த வீடுகளுக்கெல்லாம் இன்னிக்குப் போட்டுட்டு இவங்களுக்கு மட்டும் தள்ளி வெச்சா, நாளைக்கு ஒருத்தன் ஒரு ரூபா கட்டுவானா? லாட்டுல ஒரு பீஸைக் கண்ணை மூடி விட்டுட்டா, அப்புறம் நான் எந்த மூஞ்சிய வெச்சிட்டு இன்னொண்ண ரிஜெக்ட் பண்றது?"

"உங்க ஃபேக்டரிய வீட்டுக்குள்ள கொண்டாராதீக."

அசோக்குமார் கையைக் கழுவினார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "மாதேசுக்கு மட்டும் தெரிய வேணாம். வயித்துப்புள்ளக்காரி" என்றார். கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஓடினார். ஓடுகிற அவசரத்தில் சார்ஜில் போட்டிருந்த போனை அப்படியே விட்டுவிட்டுப் போனார். இந்த மனிதர் மனசு எங்கே இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

* * *

பிற்பகலில் பூங்கொடி மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு இறங்கி வரும்போது மாதேஸ்வரி நடுக்கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அசோக்குமாரின் போன். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"என்னாச்சுடி? வலிக்குதா?"

"வக்கீல் ஆபீஸ்லருந்து போன் வந்துச்சுக்கா. எம்-7 ரங்கம்மா கேஸ்ல பத்திர நம்பர் விட்டுப்போச்சாம். சாயங்காலம் மாமா கொண்டு வரணுமாம். திரும்பக் கூப்பிடுவாங்களாம்." மாதேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். "எங்கம்மா மேல கேஸ் போடறீங்களா?"

பூங்கொடி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "மாதேசு, அது வந்து..."

"போடறீங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கக்கா."

"சங்கம் போடுது."

"சங்கம்னா யாரு? மாமாதானே?" குரல் உடைந்தது. "அதான் ஒரு வாரமா எனக்கு மட்டும் நெய் தோசையா? நான்கூட அக்காவுக்கு எம்மேல எவ்ளோ ஆசைன்னு நெனச்சிட்டிருந்தேன்."

இதற்குப் பதில் பூங்கொடியை இரண்டு அறை அறைந்திருக்கலாம். அது கடையில் வாங்கிய நெய்யல்ல. ஓரகத்திக்கென்றே தளி சந்தை வரை போய் வெண்ணெய் வாங்கி, தன் கையால் உருக்கியது.

"அந்த நெய்ய இதுல சேக்காதடி. உன் காலப் புடிச்சிக் கேக்குறேன், அதை மட்டும் சேக்காத" என்று அழுதுவிட்டாள்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டது மாதேஸ்வரிதான்.

"அக்கா, எங்கம்மா கட்டாம இருக்க மாட்டாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி நான்தான் என் போன்லருந்து அனுப்புவேன். சம்பளம் வந்த அன்னிக்கு அரிசிகூட வாங்க விடமாட்டாங்க. 'மொதல்ல வீட்டுக்குக் கட்டிடு பாப்பா'ம்பாங்க. நான் இங்க வர்றப்ப, 'இனிமே நீ கட்டாத, பொண்ணு காசுல குடியிருக்கறன்னு எனக்குப் பேர் வாணாம், நானே பாத்துக்கறன்'னு சொன்னாங்க. அவங்க கட்டாம விட்டாங்கன்னு சத்தியம் பண்ணாலும் நான் நம்ப மாட்டேன்."

"வரலையேம்மா. கணக்குல இல்லியே."

"நீங்க யாராச்சும் அவங்களக் கேட்டீங்களா? ஒரே ஒரு தடவை, வாயத் தெறந்து?"

பூங்கொடி யோசித்தாள். அசோக்குமார் கேட்கவில்லை. ஆனந்த் கேட்கவே மாட்டான். அவளும் கேட்கவில்லை. சம்பந்தி வீட்டில் கேழ்வரகுக் களியைப் புகழலாம், மழையைப் பற்றிப் பேசலாம், மூட்டுவலிக்கு மருந்து சொல்லலாம். பணத்தைப் பற்றி எப்படிக் கேட்பது? ஞாபகப்படுத்தும் தகவலெல்லாம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போனது. ரங்கம்மாவிடம் இருப்பதோ பட்டன் போன். கடைசியில் கேட்டது வக்கீல், அதுவும் தபாலில், இங்கிலீஷில்! நல்ல மரியாதை பார்த்தோம் போங்கள் என்று அவளுக்கே தோன்றியது.

"நான் போயி நேரா கேட்டுட்டு வாரேன்" என்று எழுந்தாள்.

"நானும் வரேன்."

"லிஃப்ட் ஓடல. இந்த வயித்தோட மூணு மாடி ஏறி உங்கம்மாட்ட என்னைய திட்டு வாங்க வைக்காத. இங்கயே இரு."

வக்கீல் ஆபீசிலிருந்து மறுபடி கூப்பிட்டால் பேச வேண்டுமே என்று கணவரின் போனையும் பையில் போட்டுக்கொண்டாள்.

* * *

ரங்கம்மா தளி ரோட்டில் ஒரு பூப்பண்ணையில் ரோஜா வெட்டிக் கட்டுகிற வேலைக்குப் போகிறவர். இன்று லீவு போட்டிருந்தார். கட்டிலில் செய்தித்தாளை விரித்து, பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களை அளவு வாரியாகப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வா கண்ணு, வா வா. மாதேசு சாப்ட்டாளா?" வாய் நிறையச் சிரிப்பு. வக்கீல் நோட்டீஸ் வாங்கிய வீடு மாதிரியே இல்லை. பூங்கொடிக்கு அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

உட்கார்ந்தவள் சாமி மாடத்தைப் பார்த்தாள். படத்துக்கு முன்னால் வக்கீல் நோட்டீஸ் வந்த நீளக் கவர். நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமப் பொட்டு.

"ஏத்தே, இதுக்கு எதுக்குப் பொட்டு?"

ரங்கம்மாவின் கை வளையலில் நின்றது. "கோர்ட்டுக் காயிதமாச்சே கண்ணு. எங்க நெலம் ஃபேக்டரிக்குப் போனப்ப இப்பிடித்தான் ஒரு காயிதம் வந்துது. மாதேசு அப்பா கோவத்துல கிழிச்சிப் போட்டுட்டாரு. அப்புறம் அந்தக் காயிதம் இல்லன்னு எத்தினி ஆபீசு அலைஞ்சோம்! அந்த நெலத்துக் காசுலதான் இந்த வீடு. அவரு இதுல குடியேறக்கூட இல்ல, போய்ச் சேந்துட்டாரு. அதான், இந்தத் தடவ காயிதத்துக்கு மரியாத பண்ணி சாமிகிட்ட வெச்சிட்டன். நெலந்தான் போச்சு, வீட்டையாச்சும் காப்பாத்துன்னு."

பூங்கொடி கவரிலிருந்து கண்ணை எடுத்தாள். பேச்சை மாற்ற நினைத்து, மாட்டிக்கொண்டாள். "போன மாசம் காட்டுனீகளே, மாதேசுக்குச் செஞ்ச தங்கக் காப்பு. எங்கத்தே அது?"

"பத்திரமா கீது."

"எங்க?"

ரங்கம்மா வளையல் கட்டுகளை எண்ணுவது போல் குனிந்துகொண்டார். "அட்டிபெலேல, சேட்டுக் கடையில. நேத்துதான் வெச்சன். திங்கக்கெழமை மொத்தமா கட்டிடறன் கண்ணு. பெரிய மாப்ளைகிட்ட சொல்லிடு, கோர்ட்டு வரைக்கும் போவ வாணாம். ஞாயித்துக்கெழமை கண்ணாடி வளையலே போதும். வயித்துல இருக்கற கொழந்தைக்குச் சத்தந்தான கேக்கணும்? தங்கம் எங்க சத்தம் போடுது?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பூங்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"ஏத்தே, மாசாமாசம் கட்டிட்டு வந்திருந்தா இந்தப் பாடு உண்டா?"

ரங்கம்மா சட்டென்று நிமிர்ந்தார். வாயைத் திறந்தார். என்னவோ சொல்ல வந்து, அப்படியே விழுங்கிவிட்டார்.

"வுடு கண்ணு. என் நேரம்."

"அத்தே, நெசத்தைச் சொல்லுங்க. என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. நீ வூட்டுக்குப் போ. எனக்குக் கடை வரிக்கும் ஒரு வேல கீது."

"நானும் அந்தப் பக்கந்தான் போறேன்."

"நீ மொதல்ல போயேன் கண்ணு."

இவ்வளவு விரட்டினால் யார்தான் போவார்கள்? பூங்கொடி அவரோடு ஒட்டிக்கொண்டே படியிறங்கினாள்.

* * *

வாசல் கேட்டை ஒட்டித் திம்மப்பனின் மளிகைக் கடை. கர்நாடகப் பக்கத்து ஆள். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பேசுவார். பெரிய போன் இல்லாதவர்கள் அவரிடம் காசைக் கொடுத்தால், கரண்ட் பில்லோ கேஸ் பில்லோ தன் போனிலிருந்து கட்டிவிடுவார்.

ரங்கம்மா பூங்கொடியை ஓரக்கண்ணால் பார்த்தபடி, சுருக்குப்பையிலிருந்து நோட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"திம்மப்பா, இந்த மாசத்துது. அசோசியேஷனுக்குப் போட்டுடு. என் பிளாக் ஏழு."

"என் ஏழு..." என்று முணுமுணுத்துக்கொண்டே திம்மப்பன் போனில் தட்டினார். "ஆயித்தம்மா. போயிடுச்சு."

பூங்கொடியின் பைக்குள் அசோக்குமாரின் போன் 'டிங்' என்றது.

அவள் அதைக் கவனிக்கவில்லை. அவள் வேறொன்றில் நின்றுவிட்டாள். "இந்த மாசத்துதா? அப்ப போன மாசத்துது?"

ரங்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். திம்மப்பன்தான் சொன்னார். "போன மாசமும் போட்டாச்சு. அதுக்கு முந்தின மாசமும். கல்யாணமாகி பாப்பா போனதுலேர்ந்து நானேதான் போடறேன். தேதி தப்ப மாட்டாங்க அம்மா."

அப்போதுதான் பூங்கொடி போனை எடுத்துப் பார்த்தாள். சங்கத்துக் கணக்கில் பணம் வந்த தகவல். அனுப்பியவர் திம்மப்பன். குறிப்பு என்ற இடத்தில் ஒரே ஒரு இங்கிலீஷ் எழுத்து, பக்கத்தில் ஏழு.

எம் இல்லை. என்.

"திம்மப்பா, என்ன எழுதுனீக?"

"அம்மா சொன்னதுதான். என் பிளாக், ஏழு."

"இவுக எம் பிளாக்குய்யா!"

"எம்மா? மாசாமாசம் என் பிளாக்குன்னுதானே சொல்றாங்க! எம்முக்கு அடுத்தது என். கரெக்டாத்தானே போட்டேன்?"

ரங்கம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஆமாம்ப்பா, என் பிளாக்குதான். நான் குடியிருக்கற பிளாக்கு! என் பிளாக்கை என் பிளாக்குன்னு சொல்லாம வேற எப்பிடிச் சொல்றது?"

பூங்கொடி கடை வாசலில் இருந்த அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். ஊரிலேயே இல்லாத அந்த என்-7 வீட்டுக்காரர்! பூட்டிக் கிடந்தபடியே மாசம் தவறாமல் கட்டிய புண்ணியவான்! பொதுக்குழுவில் இவள் புருஷன் எழுந்து நின்று புகழ, எல்லோரும் கைதட்டினார்களே, அத்தனையும் ரங்கம்மாவுக்கு வர வேண்டிய கைதட்டல். கணக்கு எழுதுகிற பெண் குறிப்பைப் பார்த்து என்-7இல் வரவு வைத்திருக்கிறாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன?

முதலில் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

"ஏத்தே, கட்டிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே! நோட்டீஸ் வந்த அன்னிக்கே வந்து எங்க வீட்டு வாசல்ல நின்னு கேட்டிருக்கலாமே!"

"எப்பிடிக் கண்ணு கேப்பன்?" ரங்கம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. "நான் கட்டிட்டன்னு சொன்னா, ஜனம் என்னா கேக்கும்? அப்ப பணம் எங்க போச்சுன்னு கேக்கும். சங்கத்துப் பணம் பெரிய மாப்ள கையில கீது. என் வாயால அவர எப்பிடித் திருடன்னு சொல்லுவன்? என் பொண்ணு அந்த வூட்டுல சோறு துன்றா. காப்பு போனா இன்னொண்ணு செஞ்சிக்கலாம்."

பூங்கொடி அவரைக் கட்டிக்கொண்டாள். திம்மப்பன் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு பேருக்கும் கடலை மிட்டாய் எடுத்து நீட்டினார்.

மிட்டாயை வாங்கக் கை நீட்டியபோதுதான், கையிலிருந்த போனைப் பார்த்துப் பூங்கொடிக்கு உறைத்தது. அசோக்குமார் ஷிப்ட் முடிந்து நேராக வக்கீல் ஆபீசுக்குப் போகிறார். போன் இங்கே, இவள் கையில்!

"அத்தே, கெளம்புங்க. ஓசூருக்குப் போவோம்."

மாதேஸ்வரியைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. கோபம் தீரவில்லை போலிருக்கிறது. வக்கீல் ஆபீசுக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கேட்டைத் தாண்டிப் போன ஆட்டோவைத் திம்மப்பன் விசிலடித்து நிறுத்தினார்.

* * *

நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ஆட்டோ ஒரு முழம் நகர்வதும் நிற்பதுமாகப் போனது. பூங்கொடி டிரைவரிடம் இரண்டு முறை சண்டை போட்டாள். ரங்கம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு, "ஏங்கண்ணு, கையெழுத்து போட்டுட்டா அழிக்க முடியாதா?" என்று கேட்டபடியே வந்தார்.

கோர்ட்டுக்கு எதிரே மாடியில் சென்னப்பன் ஆபீஸ். மூச்சு வாங்க இரண்டு பெண்களும் ஏறி உள்ளே நுழைந்தபோது, அசோக்குமார் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். மேஜையில் பிராதுகள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது எம்-7. மை இன்னும் காயவில்லை.

ரங்கம்மாவைப் பார்த்ததும் அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

பூங்கொடி ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள். என் பிளாக், எம் பிளாக், திம்மப்பன், போனில் வந்த குறிப்பு, அடகில் இருக்கும் காப்பு. நடுவில் வக்கீல் இரண்டு முறை, "எந்த என்?" என்று கேட்டுக் குழம்பி, மூன்றாவது முறை புரிந்து, தலையில் கை வைத்துக்கொண்டார்.

அசோக்குமார் எம்-7 பிராதையே பார்த்தார். முகம் கறுத்துப் போனது.

ரங்கம்மா மேஜையருகே வந்தார். "கையெழுத்து போட்டுட்டீங்களா பெரிய மாப்ள?"

"போட்டுட்டேன் அத்தே." தலை குனிந்தபடியே சொன்னார். "போடாம இருக்க முடியல."

"நல்லது."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"நெசமாத்தான் சொல்றன். எனக்காவப் போடாம வுட்டிருந்தா, நாளைக்கு உங்களத்தான் ஊரே பேசும். சம்பந்தி பணத்த முழுங்கிட்டாருன்னு சொல்லும். இப்ப ஒருத்தன் வாயத் தெறக்க முடியுமா?"

அசோக்குமாருக்குத் தாங்கவில்லை. தரப் பரிசோதனை செய்கிற மனுஷர், எத்தனை ஆயிரம் பீஸைப் பார்த்தவர், குழந்தை மாதிரி அழுதார். "மூணு மாடி ஏறி வந்து உங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் அத்தே. கேக்கறதுக்குக் கூச்சப்பட்டேன். கேஸ் போடறதுக்குக் கூச்சப்படல பாருங்க!" என்று அவர் காலைத் தொடக் குனிந்தார்.

"ஐயையோ, என்னா இது! மாப்ள வீட்டுக்காரரு காலத் தொடறதா? நிமிருங்க மொதல்ல" என்று ரங்கம்மா பதறி நகர்ந்தார். அவரும் அழுதார். பூங்கொடி ஏற்கனவே அழுதுகொண்டுதான் இருந்தாள். சென்னப்பன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அந்தப் பிராதை எடுத்துக் குறுக்காகக் கிழித்தார்.

"நோட்டீஸை வாபஸ் வாங்கிட்டோம்னு உங்களுக்கு எழுத்துல ஒண்ணு அனுப்பிடறேம்மா. இந்தத் தடவை தமிழ்லயே" என்றார்.

"வாணாம் சாமி! காயிதமே வாணாம். வாயால சொல்லிட்டீங்கல்ல, போதும்."

"நாளைக்குக் காலையில நானே வண்டியில அட்டிபெலே கூட்டிட்டுப் போறேன் அத்தே. காப்பை மீட்டுட்டுத்தான் மறுவேலை" என்றார் அசோக்குமார்.

வக்கீல் விடவில்லை. புதுத் தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார். "அப்ப உண்மையான பாக்கிதாரர் என்-7தான். இத்தனை மாசமும் சல்லிக்காசு கட்டல. யாரு சார் அந்த ஓனர்? எங்க இருக்கார்?"

"பத்திரத்துல பேர் இருக்கு. ஆளை யாரும் பாத்ததில்ல. வீடு எப்பவும் பூட்டுதான்."

"பூட்டா?" பூங்கொடி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். "ஆட்டோ ஏறுறப்ப பாத்தேனே. அந்த வீட்டு ஜன்னல் தெறந்து கெடந்துச்சு. யாரோ பாய உதறிட்டு நின்னாக."

அசோக்குமாரும் வக்கீலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குள் போன் அடித்தது. மாதேஸ்வரி. பூங்கொடி ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தாள்.

"அக்கா, கேஸ் போட்டாச்சா?" அழுது அழுது அவள் குரல் கம்மிப் போயிருந்தது. "நான் துணியெல்லாம் எடுத்து வெச்சிட்டேன். எங்கம்மா வீட்டுக்கே போயிடறேன். அந்த வீட்டுலருந்து வெரட்டறதா இருந்தா எங்க ரெண்டு பேரையும் சேர்த்தே வெரட்டுங்க."

பூங்கொடி பேச வாயெடுத்தாள். ரங்கம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டு, போன் பக்கம் குனிந்தார்.

"அடி பைத்தியமே, அம்மா பேசறன். இங்க யாரும் யாரையும் வெரட்டல. பையப் பிரிச்சித் துணியெல்லாம் திரும்ப மடிச்சி வை. ஞாயித்துக்கெழம கை நெறைய வளையல் போட்டுக்கிட்டு, உங்கக்கா கையப் புடிச்சிக்கிட்டு ராணி மாதிரி வா. வளைகாப்புக்கு வர்றவங்ககிட்ட எடத்த மட்டும் ஒழுங்காச் சொல்லு. என் பிளாக்..."

"எம்!" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். வக்கீல்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினார்.

ரங்கம்மா திடுக்கிட்டு நிமிர்ந்து அவர்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டார்.

"ஏம்ப்பா, அது என் பிளாக்குதான?"

அசோக்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "ஆமாங்கத்தே. உங்க பிளாக்குதான்."